மூன்றும் ஒரு வாரம் தொங்கட்டும்

என் மகள் குறை சொல்வதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அத்தனை சிறிசாக இருந்தாள். அவள் பேசக் கற்றுக்கொண்டதே குறை சொல்லத்தான் என்று நான் சொல்வதுண்டு. பால் சுடுகிறது, தலையணை கல்லாக இருக்கிறது, டீச்சர் மூக்கால் பேசுகிறார். படித்து முடித்து வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்குப் போன பிறகாவது விட்டாளா? கேன்டீன் காபி கழுநீர், பக்கத்து சீட்டுக்காரன் பேனாவைக் கடிக்கிறான், ஏசி நேராகத் தன் கழுத்துக்கே அடிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு பாட்டம் புலம்பித் தீர்ப்பாள். நானும் காது குளிரக் கேட்பேன். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நல்லா இருக்கேன்மா. எல்லாம் நல்லா இருக்கு" என்றாள். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. குறை சொல்லாத பட்டாணி என் பட்டாணியே இல்லை.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் தனி என்ற ஒன்றே கிடையாது. போன் அடித்ததும் என் கணவர் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் குழிக்குள் நின்றுகொண்டு மேல்மாடியில் இருப்பவனிடம் கத்தியே பழகியவர், வீட்டிலும் அதே தொண்டைதான். அவர் குரல் கேட்டதும் மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் இறங்கி வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் என் தம்பியும் ஆஜர். அவன் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். ஒயர் உள்ள எந்தச் சாமானுக்கும் தானே வைத்தியன் என்ற நினைப்பு அவனுக்கு. இத்தனை பேர் போனைச் சுற்றி நிற்கும்போது "உனக்கு என்னடி ஆச்சு?" என்று எப்படிக் கேட்பது? ஒருமுறை கேட்டேன். மூன்று பேரும் ஒரே மூச்சில், "அதான் நல்லா இருக்கேன்னு சொல்றாளே!" என்றார்கள். வேலைநாளில் நானாகக் கூப்பிட்டாலோ, "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாள்.

என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆனால் முன்னறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. முன்னறைதான் என் கடை. ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறேன். கர்ட்டன் அக்கா என்றால் இந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். துணி டிசைன்களைப் பெரிய திரையில் காட்டினால் வாடிக்கையாளர் சீக்கிரம் மனசு வைப்பார்கள் என்று தம்பிதான் அதை வாங்கி வைத்தான். ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தேன்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதோ எழுதி அனுப்பறது இருக்காமே, உடனே போய்ச் சேருமாமே. அதைப் போட்டுக் குடுங்க. பட்டாணிக்கு நானே எழுதணும்."

மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அப்போது நான் அதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

"எதுக்கு? அதான் போன் இருக்கே" என்றார் கணவர்.

"போன்ல நீங்க இருக்கீங்க."

"சரி, போடலாம்கா. ஆனா அவசரப்படக் கூடாது" என்றான் தம்பி. "எந்த ப்ரோக்ராம்னு அலசி ஆராய்ஞ்சு போடணும்."

அலச ஆரம்பித்தார்கள். அலசினார்கள், அலசினார்கள், துணி நைந்து போகிற அளவுக்கு அலசினார்கள். என் கணவர் பச்சைப் படம் போட்டதுதான் நல்லது என்றார். எல்லோரும் வைத்திருப்பது அதுதானாம். பத்துப் பேர் ஏறுகிற லிஃப்டில்தான் தானும் ஏறுவேன் என்பவர் அவர். தம்பி நீலம் என்றான். அதில் எழுத்தைப் பெரிதாக்கலாம், எதிரில் இருப்பவர் எழுதிக்கொண்டிருந்தால் "எழுதுகிறார்" என்று காட்டும், அனுப்பியதைத் திருத்தலாம். நாத்தனாரோ முயல் படம் போட்டதை விட்டு இறங்கவே இல்லை. அதில் அழகழகான பொம்மைகள் அனுப்பலாமாம்.

"அண்ணி, ஒரு முயல் கண்ணத் துடைச்சுக்கிட்டே கைய ஆட்டும் பாருங்க, அவ்ளோ அழகு!"

"நான் எழுதணும்னு கேட்டா நீ முயலைப் புடிச்சுக் குடுக்கறியே."

பேச்சு மூன்று வாரம் ஓடியது. பச்சைக்காரர் நீலத்தைப் பார்த்தால் முறைப்பார், நீலத்துக்காரன் முயலைக் கண்டால் சிரிப்பான். தேர்தல் தோற்றது போங்கள். இதற்கு நடுவில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்காத மனுஷன், ஒரு நாள் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன், ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு துணி எடுக்கணும்?"

"அகலத்துக்கு ரெண்டரை மடங்கு. அப்பதான் மடிப்பு நிக்கும். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா."

அடுத்த நாள் நாத்தனார் வந்து, கண்ணாடிக் கதவுக்குக் கம்பியைச் சுவரில் அடிப்பதா கூரையில் அடிப்பதா என்றாள். அதற்கடுத்து தம்பி, "அக்கா, துணிக்குப் பின்னால லைனிங் வைக்கறியே, அது சுருங்கிட்டா என்ன ஆகும்?" என்றான். என் குடும்பத்துக்குக் கடைசியில் என் உழைப்பின் அருமை தெரிந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். கேட்டதற்கெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக விளக்கம் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?

மூன்றாம் வாரக் கடைசியில் பொறுமை போய்விட்டது. கத்திரிக்கோலை மேஜையில் வைத்த சத்தத்தில் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"என் கடைக்கு வர்றவங்க எந்தத் துணின்னு முடிவு பண்ண முடியாமத் தவிச்சா நான் என்ன பண்ணுவேன்? மூணு துண்டு வெட்டி அவங்க ஜன்னல்லயே தொங்கவிடச் சொல்வேன். ஒரு வாரம் காலை வெளிச்சத்துல, சாயங்கால வெளிச்சத்துலன்னு பாத்தா எது நிக்கும், எது வெளுக்கும்னு தானாத் தெரிஞ்சிடும். அதே மாதிரி இந்த மூணையும் கம்ப்யூட்டர்ல போடுங்க. ஒரு வாரம் தொங்கட்டும்."

"உன் பேர்ல போட உன் போனுக்கு ஏதோ நம்பர் வரணும், படிக்கணும், அது இதுன்னு இருக்கு" என்று இழுத்தார் கணவர்.

"அப்போ உங்க பேர்லயே போடுங்க. எப்படி இருக்குன்னு பாத்துக்கறேன்."

வேறு வழியில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று பேரும் ஆளுக்கொன்றாக ஏற்றினார்கள். ஆளுக்கொரு நிமிஷம் திறந்து காட்டினார்கள். எதையாவது நான் படிப்பதற்குள் தம்பி ஒவ்வொன்றாக மேல்மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டான். "அவ்ளோதான்கா, மூடியாச்சு" என்றான். வைத்தியன் அல்லவா! பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும், உள்ளே ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது.

மறுநாள் மத்தியானம் பல் டாக்டரம்மா வந்திருந்தார். அவருடைய கிளினிக் ஜன்னலுக்குத் திரை. கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, டிசைன்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் துணியை விரித்து அளந்துகொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணு எப்படி இருக்கா? அந்தக் கண்ணாடிக் கட்டடத்துலதானே இன்னும்?" என்றார்.

"ஆமா டாக்டர். பதினோராவது மாடி. அவ உக்கார்ற இடத்துலேருந்து பாத்தா கடல் தெரியும்" என்றேன். கடல் விஷயம் பட்டாணி சொன்னதில்லை. அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் எங்கேயாவது கடல் தெரியாமலா போகும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது. அவளுக்கு அந்த வேலை கிடைத்ததை நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தேன்.

அப்போது கம்ப்யூட்டர் டிங் என்றது. உடனே டொங் என்றது. பிறகு முயல் குரலோ என்னவோ, கீச்சென்று ஒரு சத்தம்.

"என்ன இது, மூணு மூலையிலயும் ஒரே மாதிரி வருதே" என்ற டாக்டரம்மா, நல்ல மனசோடு எனக்காக உரக்கப் படித்தார். "பட்டாணின்னு போட்டிருக்கு. 'அம்மாகிட்ட யாரும் உளறிடலையே? லைனிங் பத்திக் கேட்டேனே, யாரும் சொல்லலையே? கடையில இன்னிக்கே தைக்கணும், அவசரம்.'"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பழகியவர் என்பதால் டாக்டரம்மா பதறவில்லை. எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

மூன்றில் பெரிய எழுத்தாகத் தெரிந்தது நீலம். அதைத் தட்டினேன். மருமகளும் மாமனுமாக இரண்டு மாதம் பேசியது அத்தனையும் வரிசையாக வந்து நின்றது. கம்பெனியில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே ஊரில் ஒரு கர்ட்டன் கடையில் சேர்ந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். "அம்மாவுக்கு மட்டும் வேண்டாம் மாமா. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. இந்தத் துணித் தூசிக்குள்ள கால் வச்சா காலை ஒடிப்பேன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிட்டு இருக்கா. அதோட கம்பெனிக்கே போன் போட்டுக் கத்துவா. காபிக்கே போட்டாளே!"

போட்டது உண்மைதான். கேன்டீன் காபி கழுநீர் என்று அவள் அழுததற்கு, கம்பெனி வரவேற்பறைக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டேன். அதில் என்ன தப்பு?

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! துணி அளவு கேட்ட மனுஷன், கம்பி கேட்ட நாத்தனார், லைனிங் கேட்ட தம்பி. ஒரு குடும்பமே என்னிடம் கேட்டு எனக்கே தெரியாமல் என் பெண்ணுக்குக் கடத்தியிருக்கிறது. பாவிகள். அவர்களை விட அவள் மேல்தான் ஆத்திரம். யாரிடமெல்லாமோ சொல்வாள், பெற்றவளிடம் சொல்ல மாட்டாளா? அழுகையும் வந்தது.

இதை அவள் வாயால் நான் கேட்டிருந்தால் அந்நேரம் தெருக்கோடி வரைக்கும் என் குரல் போயிருக்கும். ஆனால் எதிரில் இருந்தது எழுத்துப் பலகை. தம்பி ஒட்டிவைத்த தமிழ் எழுத்துகளை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடினேன். "காலை ஒடிப்பேன்" என்று அடித்தேன். "ஒ" எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கோபத்தில் கால்வாசி இறங்கிவிட்டது. "டி"க்குள் இன்னொரு கால்வாசி. அடித்ததைப் படித்துப் பார்த்தேன். இதைப் படித்தால் குழந்தை திரும்ப வாயே திறக்க மாட்டாள் என்று தோன்றியது. அழித்தேன்.

வேறு ஒன்று அடித்து அனுப்பினேன். "லைனிங் துணிய தண்ணில நனைச்சு காய வச்சுட்டுதானே வெட்டின?"

பதில் பறந்து வந்தது. "அய்யோ மாமா, நனைக்கணுமா? நாலு ஜன்னலுக்கு வெட்டிட்டேனே!"

"எந்த ஊர்ல நனைக்காம வெட்டுவாங்க? முதல் சலவையில லைனிங் மேல ஏறிடும். முன் துணி பை மாதிரி தொங்கும்."

பட்டாணி எழுதுகிறார் என்று வந்தது. போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. பிறகு ஒரே ஒரு சொல்.

"அம்மா?"

என் விரல் நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்தில், தம்பி பெயரில், முகமும் குரலும் இல்லாமல் எழுதியும் என்னை அடையாளம் கண்டுவிட்டாளே. "ம்" என்று அனுப்பினேன்.

"கோவமா இருக்கியா?"

அதற்கு நான் எழுதியது கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மாதமாக ராத்திரி புரண்டு புரண்டு படுத்ததை எழுதினேன். ஊரெல்லாம் கடல் தெரிகிறது என்று அளந்துவிட்டதை எழுதினேன். என்னிடம் சொல்ல என்னடி பயம் என்று எழுதினேன். எல்லாவற்றையும் படித்தேன், எல்லாவற்றையும் அழித்தேன்.

"நீ எழுதிட்டே இருக்கேன்னு இங்க காட்டுது. ரொம்ப நேரமா எழுதற. பயமா இருக்கும்மா" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "திட்டணும்னா திட்டிடு. எழுதி எழுதி அழிக்காத."

அழித்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்று பார்ப்பது போல அவள் அங்கே காத்திருக்கிறாள். கடைசியில் நான் அனுப்பியது இதைத்தான்.

"வெட்டினத தூக்கி வை, சின்ன ஜன்னலுக்கு ஆகும். புதுத்துணிய நனைச்சு காயப் போடு. லைனிங்கை முன் துணியவிட ரெண்டு விரல் கம்மியா விடு. முதலாளி கேட்டா, எங்கம்மா சொன்னான்னு சொல்லு."

"சொல்லவா?"

"தைரியமா சொல்லு."

"சரிம்மா" என்று வந்தது. "கடையில கூப்பிடறாங்க. சாயங்காலம் திரும்ப எழுதறேன்."

திரும்பினால் டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரு துணித்துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு நானே சொன்னேன்.

"கண்ணாடிக் கட்டடம் இல்ல டாக்டர். அந்த வேலை போயிடுச்சு. இப்ப அவ கர்ட்டன் கடையில இருக்கா."

"கடல்?"

"கடலும் இல்ல."

"உங்க தொழில்தானே. நல்லாத்தான் செய்வா" என்றவர், சாம்பல் நிறத் துணியை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தார்கள். பட்டாணி மத்தியானம் அனுப்பிய சேதிக்குத் தன் பெயரில் யாரோ பதில் போட்டிருப்பதைத் தம்பி கைபேசியில் பார்த்துவிட்டு மற்ற இருவரையும் திரட்டிக்கொண்டு வந்திருந்தான். முன்னறையில் நான் காலை நீட்டி உட்கார்ந்து திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, ஜன்னலுக்கு எத்தனை மடங்கு துணி?" என்றேன்.

"ரெண்டரை" என்றார் கணவர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

"கண்ணாடிக் கதவுக்குக் கம்பி எங்கடி அடிக்கணும்?"

"கூரையில அண்ணி" என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பரவாயில்ல, எல்லாரும் நல்லாப் பாடம் பண்ணியிருக்கீங்க. நாளைக்கே எனக்கு உடம்புக்கு முடியலைன்னா கடையை ஒப்படைச்சுடலாம்."

"அவதான் சத்தியம் வாங்கிட்டாக்கா" என்றான் தம்பி. "நீ தாங்க மாட்டேன்னு."

"நான் தாங்க மாட்டேனா? மூணு வாரம் பச்சையா நீலமா முயலான்னு உங்க பேச்சைத் தாங்கினேனே!"

முதலில் சிரித்தது நாத்தனார்தான். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு வாரத்துக்காவது வீட்டில் நான் சொல்வதுதான் சட்டம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

"பச்சையும் வேண்டாம், முயலும் வேண்டாம். நீலத்தைப் போடு. என் பேர்ல போடு. எந்த நம்பர் வந்தாலும் நானே படிச்சுச் சொல்றேன்."

"எழுத்து பெரிசா இருக்கறதாலதானே?" என்றான் தம்பி வெற்றிக் களிப்பில்.

"இல்ல. நான் எழுதிட்டு இருக்கேன்னு அவளுக்குக் காட்டுதுல்ல, அதுக்கு. அனுப்பறதும் அழிக்கறதும் என் இஷ்டம். ஆனா அம்மா இங்கதான் இருக்கா, எழுதிட்டுதான் இருக்கான்னு அவளுக்குத் தெரியணும்."

தம்பி உட்கார்ந்து வேலையைப் பார்த்தான். நம்பர் வந்தது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துச் சொன்னேன். என் பெயரில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. பட்டாணியின் பெயரை மட்டும் அதில் ஏற்றி, அவளுக்குத் தகவல் சொல்லச் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் டொங் என்றது.

"அம்மா, நாளைக்கு ஒரு வளைவு ஜன்னல் அளவெடுக்கணும். எப்படின்னு அப்பாவ விட்டுக் கேக்கவா, நேராக் கேக்கவா?"

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். "நேரா கேளு."

"என்ன சொல்றா? கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று கணவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதுல ஸ்பீக்கர் கிடையாது. தள்ளி நில்லுங்க."

பட்டாணி எழுதுகிறார், எழுதுகிறார், எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று காட்டியது. பிறகு மளமளவென்று வந்து விழுந்தது. "முதல்ல இந்தக் கடையப் பத்திச் சொல்லணும்மா. கத்திரி மொக்கை. டேப் ஒரு பக்கம் நீண்டு போச்சு, அதை வச்சு எப்படி அளக்கறது? முதலாளி மூச்சு விடாமப் பேசறார். கூட இருக்கற பொண்ணு எந்நேரமும் மூக்கை உறிஞ்சறா. டீன்னு ஒண்ணு தர்றாங்க பாரு..."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டேன். குறை வந்துகொண்டே இருந்தது.